தொட மாட்டேன், பார்த்துட்டுத் தர்றேன்

எங்கள் வீட்டில் ஒரு பொருளை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். "கழட்ட மாட்டேன், திறக்க மாட்டேன், பார்த்துட்டு அப்படியே தர்றேன்" என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மிக்ஸி, சுவர்க் கடிகாரம், மாமனாரின் காது மெஷின் என்று நான் சும்மா பார்த்த பொருள்களுக்காகப் பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. பக்கத்தில் ஒரு பிஸ்கெட் டப்பா. அதற்குள் எதிலிருந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாத திருகாணிகள்.

அதனால்தான் மைத்துனன் தன் ஹார்ட் டிஸ்கை என்னிடம் நீட்டியபோது, நான் பிடித்த பிறகும் அவன் சற்றுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், அப்பாவோட அறுபதாம் கல்யாண போட்டோ பூரா இதுலதான் இருக்கு. காப்பி ஆயிட்டிருக்கும்போது குட்டிப்பய ஒயரைப் புடுங்கிட்டான். எல்லாம் இருக்கான்னு பாருங்க. பாருங்க, அவ்ளோதான்."

அந்த டிஸ்கை லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மேட் செய்யச் சொன்னதே நான்தான். ஒரு தீபாவளியன்று அதிரசம் தின்றுகொண்டே, பாதுகாப்பென்றால் லினக்ஸ்தான் என்று உபதேசம் செய்திருந்தேன். விளைவு, அவர்கள் குடும்பத்தில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர் எதிலும் அது திறக்காது. என்னிடம் வந்தே ஆக வேண்டும். உபதேசம் செய்கிறவனுக்கு வாடிக்கையாளர்கள் இப்படித்தான் கிடைக்கிறார்கள்.

"கவலையே படாதே," என்றேன். "ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்றேன். நானே நினைச்சாலும் அதுல ஒரு எழுத்தை மாத்த முடியாது."

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைக் கட்டிப்போடும் வசதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

"அது கம்ப்யூட்டருக்கு மட்டும்தானா, வீட்டுக்கும் கிடைக்குமாங்க?"

மகள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அதில் எனக்குப் பெருமை; அவளுக்கோ நான் ஒரு செய்முறைப் பயிற்சி. "அப்பா, ஒயரைச் சொருகறதுக்கு முன்னாடி ஆட்டோ-மவுண்டை அணைச்சிருங்க. இல்லேன்னா நீங்க கட்டளை அடிக்கறதுக்குள்ள டெஸ்க்டாப்பே எழுதற மாதிரி மவுண்ட் பண்ணிடும். அப்புறம் மொதல்ல முழு டிஸ்குக்கும் ஹேஷ் எடுத்து வெச்சுக்குங்க. அப்பதான் மாறிச்சா மாறலையான்னு தெரியும்" என்றாள்.

ஹேஷ் என்பது டிஸ்கின் கைநாட்டு. ஷா-256 என்ற கணக்கு, டிஸ்கை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை படித்து, மொத்தத்தையும் 64 எழுத்தாகச் சுருக்கித் தரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்து வரிசையே அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். இது மகளின் கல்லூரிப் பாடம் மட்டுமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சட்டம், மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது கூடவே தர வேண்டிய சான்றிதழில், இந்த ஹேஷை எழுத இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறது. கோர்ட்டே கேட்கிற எண் என்றதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

1 டிபி டிஸ்கை யுஎஸ்பி வழியாகப் படித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரமாகும். அத்தனை நேரமும் காத்திருந்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் 64 எழுத்தையும் பேனாவால் எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

பிறகு, டிஸ்கைத் திறந்து காட்டும் மவுண்ட் கட்டளையில், ரீட்-ஒன்லியைக் குறிக்கும் 'ஆர்ஓ' என்ற இரண்டே எழுத்தைச் சேர்த்து அடித்தேன். படங்கள் வந்தன. மாமனார் வெட்கப்பட்டுக்கொண்டு தாலி கட்டினார். மாமியார் வெட்கப்படாமல் குனிந்தார். நான் தென்பட்ட படங்களில் எல்லாம் எதையோ மென்றுகொண்டிருந்தேன். "எல்லாம் பத்திரமா இருக்கு, ஒண்ணையும் தொடலே" என்று மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மகள் விடவில்லை. "அன்மவுண்ட் பண்ணிட்டு இன்னொரு தடவை ஹேஷ் எடுங்கப்பா."

எடுத்தேன். காலண்டர் தாளில் இருந்தது 7இல் தொடங்கியது. திரையில் வந்தது 'சி' என்று தொடங்கியது.

"நீங்க எழுதினதுலதான் தப்பு இருக்கும்," என்றாள் மனைவி. இருபது வருடக் குடும்ப அனுபவம் உள்ள எவரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கைப்பிழை என்றால் ஓரிரு எழுத்து மாறும். இங்கே மொத்தமும் மாறியிருந்தது.

என்னைக் குற்றத்திலிருந்து விடுவித்துக்கொண்ட வேகத்தில் விசாரணையை ஆரம்பித்தேன். டிஸ்க் மேஜைமேல் இருந்தபோது பக்கத்தில் போனவர் யார்? ஒயரை ஆட்டியவர் யார்? மேஜையைத் துணி போட்டுத் துடைத்ததாக மனைவி ஒப்புக்கொண்டாள்.

"மேல துடைச்சா உள்ள இருக்கறது மாறுமாங்க?"

மாறாது. இருந்தாலும் அதை உடனே சொல்லிவிட்டால் விசாரணை நீர்த்துப்போகும் என்று சற்று மௌனம் சாதித்தேன். அதற்குள் மகள் கெர்னலின் பதிவேட்டைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இயக்க முறைமையின் அடிமடியில் இருக்கும் கெர்னல், தான் செய்வதில் முக்கியமானதையெல்லாம் வரி வரியாக அதில் எழுதிவைக்கும். இஎக்ஸ்டி4 எழுதியிருந்த வரிகளின் சாரம் இது: ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டத்தில் மீட்புப் பணி தேவைப்படுகிறது. மீட்பின்போது எழுதும் அனுமதி திறக்கப்படும். அதற்கும் கீழே: ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டத்தில் அநாதைகளைச் சுத்தம் செய்கிறேன்.

நான் என்ன கேட்டேன் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு மாறாகச் செய்யப்போகிறேன் என்று பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. பிறகு செய்தும் முடித்திருக்கிறது. ஒளிவுமறைவே இல்லை. படிக்க மட்டும் என்று கட்டளை போட்ட நான்தான், படிக்க வேண்டியதைப் படிக்காமல் மாமனார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அநாதையா? யாருங்க பாவம்?" என்று மனைவி இடையில் புகுந்தாள். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும்போதே அழிக்கப்பட்ட ஃபைலுக்குத்தான் அந்தப் பெயர். பெயர்ப் பட்டியலிலிருந்து போய்விடும், ஆனால் திறந்தவர் மூடும்வரை டிஸ்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூடுவதற்குள் மின்சாரம் போனாலோ குட்டிப்பயல் ஒயரைப் பிடுங்கினாலோ, கேட்பாரற்றுக் கிடக்கும். அடுத்த முறை மவுண்ட் செய்யும்போது கெர்னல் அதைக் கண்டுபிடித்து இடத்தை மீட்கும். அதைச் செய்வதற்காக, ரீட்-ஒன்லி என்று நான் குத்திய முத்திரையைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடும். நான் பார்க்கும்போது முத்திரை இருக்கும்.

மீட்புப் பணி என்பது ஜர்னல் விவகாரம். ஒரு ஃபைலைச் சேமிப்பது ஒரே இடத்தில் எழுதும் வேலை இல்லை. பெயர் ஓரிடம், அளவு ஓரிடம், எந்தெந்தக் கட்டம் காலி என்ற கணக்கு வேறோரிடம். பாதியில் நின்றால் கணக்கு இடிக்கும். இஎக்ஸ்டி2 காலத்தில் மின்சாரம் போய் வந்தால், டிஸ்க் முழுவதையும் சோதித்து முடிக்கும்வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டியதுதான். ஸ்டீஃபன் ட்வீடி உருவாக்கிய இஎக்ஸ்டி3, 2001 இறுதியில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்ததோடு அந்த நிலை மாறியது. செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஜர்னல் என்ற தனிப் பகுதியில் எழுதி 'முடிந்தது' என்று குறி போட்டுவிட்டு, பிறகுதான் உரிய இடங்களில் எழுதும். நடுவில் ஒயர் போனால், அடுத்த முறை ஜர்னலைப் பார்த்துக் குறி போட்டதை நிறைவேற்றும். குறி போடாததைத் தள்ளிவிடும். 2008இல் நிலைபெற்ற இஎக்ஸ்டி4க்கும் இதே வழக்கம்தான்.

இங்கேதான் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். "நான் ஒண்ணையும் தொடலேடா, உக்காந்து பாத்துட்டுப் போயிடறேன்" என்றுதான் வருவார். மேடையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய் இருக்கும், பக்கத்தில் 'பொரியல், புளிக்குழம்பு' என்று மனைவி எழுதிவைத்த சீட்டு இருக்கும். நாங்கள் திரும்பி வருவதற்குள் பொரியலும் குழம்பும் தயார். கேட்டால், "பாதியில கெடக்கறதை எப்படிடா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்பார். அதற்குப் பதில் கிடையாது. சமையல் நன்றாகவும் இருக்கும்.

கெர்னலின் வாதமும் அதுவேதான். பாதியில் நின்ற கணக்கை அப்படியே காட்டினால், நீ பார்ப்பது பொய்க் கணக்கு. உண்மையான கணக்கைக் காட்ட வேண்டுமானால் நான் கொஞ்சம் எழுதியாக வேண்டும். மவுண்ட் கட்டளையின் கையேட்டில் ரீட்-ஒன்லி விருப்பத்தின் விளக்கத்திலேயே இது அச்சாகியிருக்கிறது: ரீட்-ஒன்லி என்று சொன்னாலும் கணினி டிஸ்கில் எழுதக்கூடும், இஎக்ஸ்டி3யும் இஎக்ஸ்டி4ம் சுத்தமாக மூடப்படாமல் இருந்தால் ஜர்னலை ஓட்டிப் பார்க்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும்கூட இதே சாதிதான். கையேட்டைப் படிக்காமல் என்னிடம் வராதே என்று மைத்துனனுக்குப் பலமுறை அறிவுரை சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, அவன் இன்னும் படிக்கவில்லை.

"அப்ப தொடாம பாக்கவே முடியாதா?" என்றேன்.

"நோலோட் போடலாம்ப்பா. ஜர்னலைத் தொடாதேன்னு அர்த்தம். ஆனா அப்ப ஃபைல் சிஸ்டம் பாதிக் கணக்கோட இருக்கும். போட்டோ பாதி இருக்கலாம், பேர் மட்டும் இருக்கலாம். தொடவும் கூடாது, முழுசாவும் தெரியணும்னா ரெண்டும் சேர்ந்து கிடைக்காது."

எனக்கு ரோஷம் வந்தது. வீட்டில்தான் என் சொல் எடுபடுவதில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பிலுமா? ஃபைல் சிஸ்டத்தை விட்டுவிட்டு அதற்கும் கீழே இறங்கி, டிஸ்கையே ரீட்-ஒன்லி என்று அறிவிக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மவுண்ட் செய்தால், மீட்பு தேவைப்படும் இஎக்ஸ்டி4, எழுத வழியில்லை, மேற்கொண்டு போக முடியாது, வேண்டுமானால் நோலோட் போட்டுப் பார் என்று சொல்லி மறுத்துவிடும். கடைசியில் ஒருவர் 'முடியாது' என்றார். எனக்குப் பழக்கமான சொல்தான் என்றாலும், இம்முறை நான் கேட்டு வாங்கியது.

"அதையும் ரொம்ப நம்பாதீங்கப்பா," என்று மகள் 2018ஆம் வருடக் கதையைச் சொன்னாள். அந்த வருடம் கெர்னலில் ஒரு திருத்தம் வந்தது. ரீட்-ஒன்லி என்று குறித்த டிஸ்கில் யார் எழுத வந்தாலும் தடு என்பதுதான் திருத்தம். குழந்தைகூடக் குறை சொல்லாது. ஆனால் அதுவரை ரீட்-ஒன்லி சாதனத்தில் எழுதியே பிழைப்பு நடத்திவந்த எல்விஎம் என்ற டிஸ்க் நிர்வாக மென்பொருளின் பழைய பதிப்பு சில இடங்களில் வேலை செய்யாமல் நின்றது. ஆகஸ்டில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், திருத்தம் சரியானதுதான் என்று சொல்லிக்கொண்டே அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கெர்னல் கெடுக்கக் கூடாது என்பது அவருடைய முதல் கொள்கை. அதன் பிறகு அப்படி யாராவது எழுத வந்தால், ரீட்-ஒன்லி டிஸ்கில் எழுத முயற்சி நடக்கிறது என்று கெர்னல் பதிவேட்டில் ஒரு வரி எச்சரிக்கை போடும். போட்டுவிட்டு எழுத விட்டுவிடும்.

இதைக் கேட்டதும் என் மனைவி முதல்முறையாக லினக்ஸை மரியாதையுடன் பார்த்தாள். "சரியானதுதான், ஆனா ஏற்கெனவே பழகிப்போச்சு, விட்டுரலாம்னு சொல்லிருக்காரு. குடும்பஸ்தரா இருக்கணும்," என்றாள்.

நான் அடுத்த படிக்கு இறங்கினேன். தடயவியல் ஆய்வகங்களில் ரைட் பிளாக்கர் என்று ஒரு சின்னப் பெட்டியை டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பொருத்துவார்கள். படிக்கும் கட்டளையை உள்ளே விடும். எழுதும் கட்டளையை எந்தக் கெர்னல் கேட்டாலும் விடாது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் இந்தப் பெட்டிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வாங்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "எஸ்எஸ்டியா இருந்தா அதுவும் முழுசாக் காப்பாத்தாது," என்றாள் மகள். எஸ்எஸ்டிக்குள் அதற்கென்று ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் போதும், அழித்த இடங்களைக் காலி செய்வது, தேய்ந்த பகுதியிலிருந்து தரவை நகர்த்துவது என்று தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் போக வேண்டியதில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் பக்கத்துச் செல்களின் மின்னூட்டம் கலங்கும் என்பதால், படித்த காரணத்துக்காகவே தரவை எடுத்து வேறிடத்தில் எழுதிவைப்பதும் உண்டு.

ஆக, எந்தப் பூட்டைப் போட்டாலும் அது எனக்கும் பூட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும்தான். கீழே இருப்பவருக்கு அது பூட்டில்லை, ஒரு தகவல். அவர் அதைப் படித்துப் பார்ப்பார். நம்முடைய நன்மைக்கு எது தேவையோ அதைச் செய்வார்.

அந்த ஆத்திரத்தில் மேஜை டிராயரில் கிடந்த கேமரா எஸ்டி கார்டை எடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் தள்ளி. 'லாக்' என்ற சொல் பக்கத்தில். கீழே தள்ளினால் கார்டு பூட்டிவிட்டது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அந்தத் தள்ளிக்கும் கார்டின் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெறும் பிளாஸ்டிக். கார்டு ரீடருக்குள் இருக்கும் ஒரு சிறு ஸ்விட்ச் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவிப் பார்த்து, கம்ப்யூட்டரிடம் சொல்லும். மரியாதை தெரிந்த ரீடர் என்றால் சொல்லும். தன்னைப் பூட்டியிருக்கிறார்கள் என்ற விஷயமே கார்டுக்குத் தெரியாது.

சரி, எழுதுகிறவர்களை விடுங்கள், படிப்பதாவது படிப்பாக இருக்கிறதா? யூனிக்ஸ் வழக்கப்படி ஒரு ஃபைலைப் படித்தால், கடைசியாகப் படித்த நேரம் என்று டிஸ்கில் குறித்துவைக்க வேண்டும். சாதாரணமாக மவுண்ட் செய்த டிஸ்கில் ஆயிரம் படத்தைப் பார்த்தால் ஆயிரம் குறிப்பு. இந்த வீண் எழுத்தைக் குறைக்கத்தான் 2009இல் வந்த 2.6.30 கெர்னலில் ரிலேடைம் என்ற சிக்கன முறையை இயல்பாக்கினார்கள். அதன்படி, போன குறிப்புக்குப் பிறகு ஃபைல் மாறியிருந்தாலோ, குறிப்புக்கு ஒரு நாள் வயதாகியிருந்தாலோதான் புதுக் குறிப்பு. நான் செய்தித்தாள் படித்தேன் என்பதற்குக் காப்பிக் கறை சாட்சியாக இருக்கிறதே என்று வருத்தப்படுவாள் என் மனைவி. எல்லாவற்றுக்கும் முன்னோடி இருக்கிறது.

மைத்துனனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி பாக்கியிருந்தது. தொடவில்லை என்று போனில் அடித்துச் சொல்லியாகிவிட்டது. ஹேஷ் வேறு கதை சொல்கிறது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததில், காப்பி முடிந்தவை முழுசாகத் திறந்தன. அதற்குக் காரணம் நானில்லை. என் கட்டளையை மீறி ஜர்னலை ஓட்டிய கெர்னல். நான் சொன்னபடி அது கேட்டிருந்தால், மாமனார் தாலியைத் தூக்கிய கையோடு பாதிப் படத்தில் நின்றிருக்கவும் கூடும்.

"அத்தான், ஒண்ணும் மாத்தலைல்ல?"

"நான் மாத்தலே," என்றேன். 'நான்' என்பதில் சற்று அழுத்தம் கொடுத்தேன். அவன் கவனிக்கவில்லை. என் அக்கறையின் நுணுக்கங்களை அந்தக் குடும்பம் கவனித்ததே இல்லை.

மகள் கடைசியாக, ஆய்வகக்காரர்கள் செய்வதைச் சொன்னாள். மூல டிஸ்கை மவுண்டே செய்யக் கூடாது. முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே இன்னொரு டிஸ்கில் படியெடுக்க வேண்டும். இரண்டின் ஹேஷும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, ஜர்னலோ அநாதையோ, எல்லாக் கூத்தையும் படியில் நடத்திக்கொள்ளலாம்.

"அதாவது, ஒரு டிஸ்கைத் தொடாம பாக்கறதுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கணும்," என்றாள் மனைவி. தடயவியலின் அடிப்படையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மேலே பேசினால் பட்ஜெட் குறையும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

டிஸ்க் வாங்கியாகிவிட்டது. இனி வீட்டுக்கு வரும் எந்த டிஸ்கானாலும் படியெடுக்கும் பொறுப்பு மகளுக்கு. இரண்டு ஹேஷும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது என் பொறுப்பு. 64 எழுத்து, கண் தவறிவிடக் கூடாதே என்று பேனா கேட்டேன். தர முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.